எறும்புக்கு 4 கால் போட்ட புத்தகம்

உப்புவெளியில் இருக்கும் ஒரு தாயின் கேள்வி இது. அவருடைய 4 வயது மகனுக்குப் பூச்சி என்றால் உயிர். எறும்பு வரிசையைக் கண்டால் சாப்பாட்டையும் மறந்து குந்திவிடுவானாம். அவனுக்கென்று வாங்கி வந்த படப் புத்தகத்தில் எறும்புக்கு 4 கால். சிலந்தியும் பூச்சிகளோடு சேர்ந்து நிற்கிறது. "இப்படிப் பிழையாக இருப்பதை வாசித்துக் காட்டினால் அவன் மனதில் அப்படியே பதிந்துவிடாதா? தமிழில் பூச்சிகளைப் பற்றி நல்ல படப் புத்தகம் எது?" என்று கேட்கிறார். பார்த்தால் இரண்டு கேள்வி. ஆனால் சகோதரி, உங்கள் மனதில் உறுத்துவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: பிள்ளைக்குச் சொல்லும் கதையில் கற்பனையை எதுவரை விடலாம், எந்த இடத்தில் அது பொய்யாகிறது? அது தெளிவாகிவிட்டால் எந்தக் கடையில் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் உங்களுக்கே தெரிந்துவிடும். அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நான் விலங்கியல் படித்தவள். திருகோணமலைப் பாடசாலைகளில் 20 வருடங்களுக்கு மேல் விஞ்ஞானம் கற்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகளில் எங்கள் வாசிகசாலையில் சின்னப் பிள்ளைகளை இருத்திப் படப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். ஆகவே பூச்சியின் உடம்பையும் வாழ்க்கையையும் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பி எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பது என் படிப்பு அல்ல. அந்தப் பக்கம் வரும்போது நான் கண்டதையும் வாசித்ததையும் மட்டும் சொல்கிறேன்.

எறும்பு கதைக்கலாம். சட்டை போடலாம், பள்ளிக்கூடம் போகலாம், மழைக்குக் குடை பிடிக்கலாம். இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உங்கள் மகன் தன் விளையாட்டுக் காரைக் கதைக்க வைக்கிறான், ஆனால் கார் கதைக்காது என்பது அவனுக்குத் தெரியும். எறும்பு குடை பிடிப்பதும் அவனுக்கு அப்படித்தான். பிள்ளை தானாகவே பிடித்துவிடும் கற்பனை அது. ஆனால் எறும்புக்கு 4 கால் என்று வரைந்திருந்தால், அது கற்பனையா உண்மையா என்று கண்டுபிடிக்க அவனிடம் வழி இல்லை. படம் சொல்வதை அப்படியே ஏற்பான். பிள்ளைக்குப் பிடிபடாத கற்பனை கதைப் புத்தகத்தில் இருக்கக்கூடாது என்பதுதான் என் அளவுகோல்.

கால் பிழை ஏன் இவ்வளவு புத்தகங்களில் வருகிறது என்று யோசித்திருக்கிறேன். வரைபவர் எறும்பை மனிதரைப் போல நிமிர்த்தி நிற்க வைக்கிறார். நிற்க 2 கால், குடை பிடிக்க 2 கை. அதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. வேறு சிலர் 6 கால் போடுவார்கள், ஆனால் தலையில் இருந்து வயிறு வரை பகிர்ந்து போடுவார்கள். அதுவும் பிழைதான். பூச்சியின் உடம்பு தலை, நெஞ்சறை, வயிறு என்று 3 துண்டு. 6 காலும் நடுத் துண்டான நெஞ்சறையில் இருந்துதான் புறப்படும். இறகு இருந்தால் அதுவும் அங்கேதான். வீட்டில் கரப்பான் மல்லாந்து செத்துக் கிடந்தால் கூட்டித் தள்ளுவதற்கு முன் மகனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். 6 காலும் ஒரே இடத்தில் இருந்து கிளம்புவது அவ்வளவு தெளிவாக வேறெதிலும் தெரியாது. வயிற்றில் ஒரு கால்கூட இருக்காது.

சிலந்தி விடயத்தில் நான் கொஞ்சம் இரக்கமாக இருப்பேன். விஞ்ஞானத்தில் அது பூச்சி இல்லை என்பது உறுதி: 8 கால், உணர்கொம்பு இல்லை, இறகு இல்லை, தலையும் நெஞ்சும் ஒன்றாகச் சேர்ந்து உடம்பு 2 துண்டாகத்தான் இருக்கும். ஆனால் தமிழில் 'பூச்சி' என்ற சொல் அதைவிட அகலமானது. சிலந்தியையே எட்டுக்கால் பூச்சி என்கிறோம். வயிற்றுப் புழுவுக்குக் கொடுப்பது பூச்சிக் குளிசை. ஆகவே கதைப் புத்தகத்தில் தோட்டத்துப் பூச்சிகள் என்று சிலந்தியும் மரவட்டையும் வந்தால் அதை மொழியின் வழக்கம் என்று விட்டுவிடலாம். அதே புத்தகம் 'பூச்சிகளுக்கு 6 கால்' என்று எழுதிவிட்டுப் பக்கத்திலேயே சிலந்தியையும் வைத்தால், அப்போதுதான் அது பிழை.

இதைவிட எனக்குக் கவலை தருவது தீனி. சில வருடங்களுக்கு முன் வாசிகசாலையில் ஒரு கதை வாசித்தேன். அதில் ஒரு புழு பிறந்தநாள் விருந்துக்குப் போய் பிஸ்கட்டும் பழமும் கேக்கும் தின்று கொழுக்கும். பிள்ளைகள் நன்றாகச் சிரித்தார்கள். அடுத்த சனிக்கிழமை ஒரு சிறுமி ஜாம் போத்தலைக் கொண்டு வந்தாள். உள்ளே தேசிமரத்துப் புழு ஒன்று, அதன் பக்கத்தில் ஊறிப்போன மாரி பிஸ்கட் துண்டு, கறுத்த வாழைப்பழம். "ரீச்சர், இது ஏன் சாப்பிடுதில்லை?" என்று கேட்டாள். புழு சுருங்கிப் போத்தலின் அடியில் கிடந்தது. அன்று பின்னேரம் செத்துவிட்டது. கதை எழுதியவரை நான் குறை சொல்லவில்லை. அதை வாசித்து முடித்ததும், உண்மையான புழு என்ன தின்னும் என்று நான் ஒரு வசனம் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து சொல்லாமல் விட்டதில்லை. வண்ணத்துப்பூச்சிப் புழுக்களில் பெரும்பாலானவை ஓரிரு வகைச் செடியின் இலையை மட்டுமே தின்னும். எங்கள் கடற்கரை மணலில் வளரும் எருக்கலையில் இருக்கும் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம் போட்ட புழுவைத் தேசிமரத்தில் விட்டால் பட்டினி கிடந்தே சாகும்.

இதை முதன்முதலில் படத்திலேயே செய்து காட்டியவர்களில் ஒருவர் மரியா சிபில்லா மெரியன் என்ற ஜெர்மன் ஓவியர். 1647இல் பிராங்பேர்ட்டில் பிறந்தவர். 13 வயதிலேயே பட்டுப்புழு வளர்த்துப் பார்த்து வரைந்தார். பின்பு தென்னமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறிப் போய், அங்கே கண்ட பூச்சிகளை 1705இல் புத்தகமாக வெளியிட்டார். அவர் படங்களில் புழுவும் கூட்டுப்புழுவும் வண்ணத்துப்பூச்சியும் அந்தப் புழு தின்னும் செடியும் ஒரே பக்கத்தில் சேர்ந்து நிற்கும். 300 வருடத்துக்குப் பிறகும் சிறுவர் புத்தகத்தைக் கையில் எடுத்தால் நான் தேடுவது அதைத்தான்: புழு எந்த இலையில் இருக்கிறது? 'ஏதோ ஒரு பச்சை இலை'யாக இருந்தால், வரைந்தவர் புழுவைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

உலகம் முழுக்கத் தெரிந்த எரிக் கார்லின் பசித்த புழுக் கதை 1969இல் வந்தது. அதில் வண்ணத்துப்பூச்சி பட்டு நூல் கூட்டுக்குள் இருந்து வருவதாக எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் பலர் குறை சொல்வார்கள். அந்தக் குறை சரிதான். நூல் சுற்றிக் கூடு கட்டுவது பெரும்பாலும் அந்துப்பூச்சி. வண்ணத்துப்பூச்சியின் புழு கடைசித் தோலை உரித்ததும் உள்ளே இருக்கும் உறைதான் வெளியே தெரியும். தமிழில் இரண்டையும் 'கூடு' என்றே சொல்லிவிடுவதால் இந்தப் பிழை எழுத்தில் மறைந்துவிடுகிறது. படத்தில்தான் பார்க்க வேண்டும். பஞ்சுப் பொதி போல வரைந்து அதற்குள்ளிருந்து வண்ணத்துப்பூச்சி வந்தால் பிழை.

சரியான படம் எப்படி இருக்கும் என்று பார்க்கப் புத்தகமே தேவையில்லை. தேசிமரமோ கறிவேப்பிலையோ உங்கள் வளவில் இருந்தால் போதும். இளம் இலையில் ஊசித் தலையளவில் வெளிர்மஞ்சள் முட்டை தனியாக ஒட்டியிருக்கும். முதலில் வரும் புழு கபில நிறமும் வெள்ளையுமாகக் குருவி எச்சம் போலவே இருக்கும். அதனால் குருவி அதைத் தேடாது. வளர்ந்தபின் இலைப் பச்சை. ஈர்க்கால் மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னால் இருந்து கவர் விட்ட ஒரு கொம்பை நீட்டும், காரமான ஒரு மணம் எழும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பத் திரும்பத் தொடக் கேட்பார்கள். ஒருதரம் போதும் என்று சொல்லுங்கள், அது பயந்து செய்வது. பிறகு ஒரு குச்சியில் இடுப்பைச் சுற்றி ஒற்றை நூல் கட்டி, சாய்ந்து நிற்கும் கூட்டுப்புழுவாகும். தென்னை ஏறுபவர் இடுப்பில் கயிறு போட்டுச் சாய்ந்து நிற்பதைப் போல என்று ஒரு பையன் சொன்னான். அதைவிட நன்றாக எந்தப் பாடப் புத்தகமும் சொல்லவில்லை. 10 நாள் அளவில் காலையில் உறை வெடிக்கும். வெளியே வரும் வண்ணத்துப்பூச்சியின் இறகு நனைந்த துணி போலச் சுருங்கி இருக்கும். வயிற்றில் இருக்கும் நீரை இறகின் நரம்புகளுக்குள் தள்ளித் தள்ளித்தான் அதை விரிக்கும். அந்த நேரத்தில் உதவி செய்கிறேன் என்று பிள்ளை தொட்டால் இறகு வளைந்தே காய்ந்துவிடும்.

தேனீயும் நுளம்பும் தனியாகச் சொல்ல வேண்டியவை. தேன் சேர்க்கும் வேலைக்காரத் தேனீக்கள் எல்லாம் பெண். ஆணுக்குக் கொடுக்கே இல்லை. கதையில் தேன் சேர்க்கப் போகும் 'தேனீ அண்ணா' வந்தால் வாசிக்கும்போது அக்காவாக மாற்றிவிடுங்கள். புத்தகங்களில் வரும் மஞ்சள் கவிழ்ந்த கூடை போன்ற தேன்கூடு, முற்கால ஐரோப்பாவில் வைக்கோலால் பின்னிய தேனீ வளர்ப்புக் கூடை. எங்கள் தேனீ மரப்பொந்தில் வதை கட்டும். பெருந்தேனீ உயரக் கிளையிலோ பாறையிலோ ஒற்றை வதையைத் தொங்கவிடும்.

நுளம்பு எங்கள் மாவட்டத்துக்கு வெறும் கதை இல்லை. 2017இல் நாடு முழுவதும் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானபோது கிண்ணியா கடுமையாக அடிபட்ட இடங்களில் ஒன்று. அந்த வருடத்துப் பிள்ளைகளுக்குப் பூச்சி என்றாலே நோய் என்றுதான் வீட்டில் சொல்லப்பட்டது. அதில் தாய்மாரைக் குறை சொல்ல முடியாது. டெங்கு பற்றிய சிறுவர் புத்தகம் கையில் கிடைத்தால் ஒன்றைப் பாருங்கள்: முட்டை எங்கே இருக்கிறது? டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடாது. பாத்திரத்தின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிவிடும். அது காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மழை வந்து நனைந்ததும் பொரிக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதற்குக் காரணம் அதுதான். இதைச் சரியாக வரைந்திருக்கும் ஒரு பக்கம், பயம் காட்டும் 10 பக்கத்தை விடப் பயன் தரும். கடிப்பது பெண் நுளம்பு மட்டும், அதுவும் முட்டைக்காகத்தான் இரத்தம் குடிக்கிறது என்பதையும் 4 வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம். நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

இனி, பதிந்துவிடுமா என்ற உங்கள் பயம். இங்கே நான் உறுதி தர மாட்டேன். டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரிசியா கனேயாவும் கூட்டாளிகளும் 2014இல் 3 முதல் 5 வயதுவரையான பிள்ளைகளிடம் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். விலங்குகளை மனிதரைப் போல நடத்தும் படப் புத்தகங்களைக் கேட்ட பிள்ளைகள், விலங்கைப் பற்றிய உண்மைத் தகவலைக் குறைவாகவே பிடித்துக்கொண்டார்கள். உண்மையான விலங்கும் மனிதரைப் போல நினைக்கும், உணரும் என்று சொல்வதும் அவர்களிடம் கூடியிருந்தது. கதைக்கும் எறும்பில் பாதிப்பு இல்லை என்று மேலே சொன்னேனே, இந்த ஆய்வு எனக்கு எதிராகத்தான் நிற்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டியவை அவர்கள் அதுவரை அறியாத விலங்குகள். உங்கள் மகன் எறும்பைத் தினமும் பார்க்கிறான். புத்தகம் ஒன்று சொல்ல, வாசற்படி வேறொன்று சொன்னால் பிள்ளை வாசற்படியை நம்பும் என்பதை நான் பலதடவை கண்டிருக்கிறேன். அது என் அனுபவம், ஆய்வு அல்ல. அவன் நேரில் பார்க்கவே முடியாத பூச்சி என்றால் நான் கதையைத் தவிர்த்து, உண்மையான படம் உள்ள தகவல் புத்தகத்தையே எடுப்பேன்.

தமிழில் கிடைப்பதைச் சொல்கிறேன். சென்னையில் இருந்து வரும் தூலிகா பதிப்பகத்தின் தமிழ், ஆங்கில இருமொழிப் படப் புத்தகங்களும், இந்தியாவின் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் சிறுவர் நூல்களும் தரமான தாள், தரமான படம். ரூம் டு ரீட் நிறுவனம் இலங்கையில் சிங்களத்திலும் தமிழிலும் சிறுவர் நூல்கள் வெளியிட்டிருக்கிறது. அவை எங்கள் முற்றத்தையும் எங்கள் பேச்சையும் கொண்டவை என்பதால் நான் முதலில் தேடுவது அவற்றை. பணம் செலவழிக்க வசதி இல்லாவிட்டால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழில் ஏராளமான கதைகள் இலவசமாக இருக்கின்றன. தாளில் அச்சிட்டும் எடுக்கலாம்.

அந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, கதையைத் திருத்தி எழுதுவதற்கு உரிமம் இடம் கொடுக்கிறது. இது எங்களுக்குப் பெரிய உதவி. தமிழகத்தில் எழுதப்பட்ட புத்தகத்தில் கொசு, ஈ, கம்பளிப்பூச்சி என்று வரும். எங்கள் பிள்ளைக்கு அவை நுளம்பு, இலையான், மசுக்குட்டி. 4 வயதில் படத்தைப் பார்த்து "நுளம்பு!" என்று கத்துகிற பிள்ளையிடம் "இல்லை, கொசு" என்று சொல்லாதீர்கள். அவன் சொன்னதுதான் சரி. முதலில் வீட்டுப் பெயரை வாசியுங்கள், அப்புறம் "இந்தியாவில் இதைக் கொசு என்பார்கள்" என்று சேர்த்துவிடுங்கள். பள்ளிக்கூடம் போனால் மூன்றாவது அடுக்கும் வரும்: புழு குடம்பியாகும், வளர்ந்தது நிறைவுடலியாகும். அந்தச் சொற்களுக்கு இப்போது அவசரம் இல்லை. பெயர்கள் இடம் மாறுவது புதிதும் அல்ல. குறுந்தொகையில் இறையனார் கூப்பிட்டுப் பேசுகிற தும்பி பூப்பூவாகத் தேன் தேடும் வண்டு. எங்கள் பிள்ளைகள் தும்பி என்று வாலில் பிடிப்பது வேறொரு பூச்சி.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எங்கள் காலடியில் இருக்கும் பூச்சிகளுக்குப் புத்தகம் போதாது. திருகோணமலை மணலில் தாழ்வாரத்தின் கீழ், மழை படாத இடத்தில் சின்னச் சின்னப் புனல் போலக் குழி இருக்குமே, அடியில் குழியானை இருக்கும். எறும்பு விளிம்பில் கால் வைத்தால் மணல் சரியும், ஏற முயன்றால் கீழே இருந்து மணலை வீசி விழுத்தும். வெளியே எடுத்து மணலில் விட்டால் பின்பக்கமாகவே நடக்கும். குடம்பியாக இருக்கும் காலம் முழுவதும் மலம் கழிக்காது. இதைக் கேட்டதும் வாசிகசாலையே எழுந்து நின்றது. பிறகு கண்ணாடி இறகு முளைத்துத் தும்பி போலப் பறந்துபோகும். மாமரத்து முசுறு இலைகளைப் பிடித்து இழுத்துச் சேர்த்து, தன் குடம்பியை வாயில் கவ்வி அங்கும் இங்கும் அசைத்து, அதன் நூலால் இலையைத் தைக்கும். வளர்ந்த முசுறுக்கு நூல் வராது, குழந்தைதான் ஊசியும் நூலும். வரையத் தெரிந்த யாராவது எங்கள் ஊரில் இதை வாசித்தால், தயவுசெய்து இவற்றை வரையுங்கள். உடம்பைச் சரிபார்த்துத் தர நான் இருக்கிறேன்.

வாசிக்கும்போது செய்ய இரண்டு விடயம். புத்தகத்தில் எறும்பும் வண்டும் வண்ணத்துப்பூச்சியும் எல்லாம் பக்க அளவில் இருக்கும். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அந்தப் பூச்சியின் உண்மையான நீளத்தைப் பென்சிலால் ஒரு கோடாகப் போட்டுவிடுங்கள். பிள்ளை அந்தக் கோட்டில்தான் முதலில் விரல் வைப்பான். அடுத்தது, மயிரோ முள்ளோ உள்ள புழுவைத் தொடக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். முருங்கையில் கூட்டமாக இருக்கும் மசுக்குட்டியின் மயிர் பட்டால் தோல் தடித்து அரிக்கும். குளவிக் கூட்டுக்கும் பெருந்தேனீ வதைக்கும் தூரமாக நிற்க வேண்டும். மற்றபடி அவன் குந்தி இருந்து பார்க்கட்டும், சாப்பாடு கொஞ்சம் ஆறினாலும் பரவாயில்லை.

நீங்கள் வாங்கிய புத்தகத்தை வீச வேண்டாம். அவனை வாசற்படிக்குக் கூட்டிப்போய், ஒரு சொட்டுச் சீனித்தண்ணீர் வைத்து, எறும்பு நின்று குடிக்கும்போது பூதக்கண்ணாடியால் காலை எண்ண விடுங்கள். ஓடும் எறும்பில் எண்ண முடியாது, குடிக்கும் எறும்பு அசையாமல் நிற்கும். பிறகு புத்தகத்தை விரித்துக் கையில் பேனையைக் கொடுத்து, விடுபட்ட 2 காலையும் அவனையே வரையச் சொல்லுங்கள். நடுத் துண்டில் இருந்து தொடங்க வேண்டும் என்று மட்டும் ஞாபகப்படுத்துங்கள்.